கல்யாண வீட்டுக்கு பிளீச்சிங் பவுடர்

தண்ணீர் வராத நாளில் மட்டும் ஊருக்கு ஞாபகம் வருகிற ஆள் ஒருவர் உண்டென்றால், அது பேரூராட்சி செயல் அலுவலர்தான். சுருக்கமாக ஈ.ஓ. அந்த நாற்காலியில் ஊர் ஊராக உட்கார்ந்து தேய்ந்தவள் நான். பேரூராட்சியோ நகராட்சியோ ஒன்றியமோ, எங்கே மாட்டிக்கொண்டு முழித்தாலும் நீங்களும் நம்ம கூட்டம்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால், “உங்களுக்கென்ன, அரசாங்கச் சம்பளம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் மகள் ஜெனிபா. சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் அப்பா தவறிவிட்டார். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருவன், அவனும் கனடாவில். ஜெனிபாவுக்கு நாசரேத் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவானது. நல்ல பையன், பெரிய குடும்பம், காதுகுத்துக்கே பஸ் பிடித்து வருகிற குடும்பம். கல்யாணத்தன்று காலையில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, எல்லாருமாக ஆலயத்துக்குப் போவதென்று பேச்சு. நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே ஜெனிபா போனில் கேட்டாள்: “மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நிக்கும்போது, வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட நம்ம பக்கம் யாரும்மா இருக்கா?”

சாவு வீட்டு போன்

நம் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. ஊரில் ஒரு உயிர் போனால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஈ.ஓ.வுக்குத் தகவல் வந்துவிடும். அந்த வீட்டுக்கு ஒரு லாரித் தண்ணீர், தெருவைப் பெருக்கி பிளீச்சிங் பவுடர், விளக்கு எரியாவிட்டால் அதற்கு ஒரு பல்பு. கல்யாண வீட்டுக்கும் இதேதான். அதனால் யார் போனார்கள், யார் மகளுக்கு யார் மகன் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அந்த வீட்டுக்குள் போய் ஒரு வாய் காப்பி குடித்திருக்கிறோமா என்று கேட்டால், இல்லை.

என் கடைசி ஊர் தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே விளக்கம் கேட்டு ஓலை வரும். அங்கே போன புதிதில், விடிந்தும் விடியாமல் ஒருவர் கூப்பிட்டார். “யம்மா, எங்க அப்பா தவறிட்டாவ” என்றார். எனக்கு என் வீட்டுக்காரர் போன காலை ஞாபகம் வந்துவிட்டது. என்ன வயசு, படுக்கையில் இருந்தாரா, உங்க அம்மா இருக்காங்களா என்று ஆறுதலாகக் கேட்டுக்கொண்டே போனேன். அந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “அழுகதுக்கு ஆளு வந்துகிட்டு இருக்காவம்மா. நீங்க லாரி எப்பம் வரும்னு மட்டும் சொல்லுங்க.”

பந்தியில் வாறுகால்

அதிசயமாக ஒரு வீட்டில் மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மறுவீடென்றால் எங்கள் பக்கம் சொதி இல்லாமல் கிடையாது. தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலும் நினைத்தாலே நாக்கு ஊறும். தனியாக இருக்கிறவள் எங்கே போய் சொதி வைப்பது? பீரோவிலிருந்து பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூவெல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். இன்றைக்கு ஒரு நாள் நாமும் ஒரு வீட்டு விருந்தாளி என்று உள்ளுக்குள் சின்ன சந்தோஷம்.

இலையில் சொதி விழுந்தது. பக்கத்து இலையில் பஜார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. ஊரில் யார் மனு கொடுக்காவிட்டாலும் திங்கட்கிழமை தவறாமல் அவர் மனு வரும். அவர் கடை முன்னால் போகிற சாக்கடைதான் விஷயம். எங்கள் ஊர்ப்பக்கம் அதை வாறுகால் என்போம். நான் முதல் வாய் எடுக்கும்போதே ஆரம்பித்தார். அதில் என்னென்ன மிதக்கிறது, எது எந்த நிறத்தில் இருக்கிறது, வெயில் ஏற ஏற வாடை எப்படி மாறுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பந்தியில் என்ன செய்வது? எடுத்த வாயை இலையில் வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு சொன்னார்: “சாப்பிடுங்கம்மா, பைய சாப்பிடுங்க. வாறுகால் எங்கன போயிரப் போவுது.”

பச்சை வாளி

குப்பையைத் தரம் பிரித்து வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. சமையல் கழிவுக்குப் பச்சை வாளி, காகிதம் பிளாஸ்டிக்குக்கு நீல வாளி. சொன்னால் யார் கேட்கிறார்கள்? தெருத் தெருவாகப் போய்க் கத்தினேன். நானே கேட்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்று என் வாடகை வீட்டு வாசலிலும் இரண்டு வாளியும் வைத்தேன். எடுக்க வருகிறவள் இசக்கி. எங்கள் தூய்மைப் பணியாளர்களில் மூத்தவள். கொஞ்சம் பிந்தி வந்தால் நான் கத்துவேன், அவள் பதிலுக்கு முணுமுணுப்பாள். எங்கள் உறவு அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஆபீசுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் தண்ணி, லைட்டு, வாறுகால். எடுத்துப் பேசினால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஜெனிபாவிடம் சொன்னால் பதறிக்கொண்டு ரயில் ஏறுவாள் என்று சொல்லவில்லை. ரொட்டியும் வெந்நீருமாகக் கிடந்தேன். இப்படியே போனால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது.

கதவைத் தட்டியது இசக்கி. புகார்தான் என்று நினைத்து, எரிச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு திறந்தேன். அவள் பச்சை வாளியைச் சாய்த்து, உள்ளே ஒன்றுமில்லாததை எனக்குக் காட்டினாள். ஒரு வெங்காயத் தோல்கூடக் கிடக்கவில்லையே, அடுப்பே பற்றவைக்கவில்லையா என்று கேட்டாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எங்க வீட்டுக் கஞ்சி கொண்டாந்தா குடிப்பியளாம்மா?”

கோடு போட்ட ரோடு

குடித்தேன். சூடாக, சுட்ட கருவாட்டோடு. வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று ஒருத்தர் கஞ்சி வைத்துக் கொடுத்தது அதுதான் முதல்முறை. ஆனாலும் மறுவாரம் பிந்தி வந்தாள் என்று வழக்கம்போல் கத்தினேன். புத்தி அப்படி.

பெரியவர்கள் யாராவது வருகிறார்கள் என்றால் நாம் செய்கிற முதல் வேலை உங்களுக்குத் தெரியும். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைப் பவுடரால் கோடு. நோய்க்கிருமி சாகிறதோ இல்லையோ, வருகிறவருக்கு நாம் அவரை மதிக்கிறோம் என்று தெரியவேண்டும். அப்படி ஒரு மேலிடத்துப் பெரியவர் வருவதாகத் தகவல் வந்து, இசக்கி கூட்டம் முழுக்க இடுப்பொடியக் குனிந்து, ஊர் எல்லையிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கோடு இழுத்தார்கள். நூல் பிடித்த மாதிரி நேராக வரும் இசக்கி கோடு. நான் மாலையும் கையுமாக எல்லையில் நின்றேன்.

அவர் வேறு ரோட்டில் போய்விட்டார். பைபாஸில் கார் திரும்பிவிட்டதாக எனக்குப் போனில் சொன்னதே அவருடைய டிரைவர்தான். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வெயிலில் வாடின மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் மட்டும் நின்றேன். அந்த நேரத்தில் நான் எவ்வளவு தனியாள் என்று எனக்கே உறைத்தது. இசக்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கையில் ஒட்டிய பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீங்களாச்சும் நடுவுல நடந்து போங்கம்மா. போட்ட கோடு வீணாப் போயிரும்லா.”

மேசையில் வைக்காத பத்திரிகை

ஜெனிபா கல்யாணப் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். நம் உத்தியோகத்தில் மகள் கல்யாணப் பத்திரிகை என்பது சாதாரணக் காகிதம் இல்லை. எனக்கு முன்னால் வேறொரு ஊரில் ஈ.ஓ.வாக இருந்த ஒருவர் ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் வீட்டுக்கும் தாம்பாளத்தோடு போய்ப் பத்திரிகை வைத்தார். வாங்கியவர்களுக்கு அர்த்தம் புரிந்தது. பீரோ, கட்டில், பிரிட்ஜ் என்று மண்டபத்தில் வந்து இறங்கியது. அன்றைக்கே முடிவெடுத்தேன்: வேலை பார்க்கிற ஊரில் ஒருத்தருக்கும் பத்திரிகை கிடையாது. ஒருவருக்கு வைத்து ஒருவருக்கு வைக்காவிட்டாலும் தப்பு. ஆபீசில்கூட வாய் திறக்கவில்லை.

அச்சகத்திலிருந்து மாதிரிக்கு அனுப்பின பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். திட்டிவிட்டு அதை நீல வாளியில் போட்டேன். திருத்தி வந்ததை வைத்துக்கொண்டு, லீவில் வந்திருந்த ஜெனிபாவோடு உட்கார்ந்து யார் யாருக்குக் கொடுப்பது என்று எழுதினோம். சர்ச்சில் சிலர், என் தோழிகள் இரண்டு பேர், வீட்டுக்காரர் வழியில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு கொழுந்தனார். பிறகு பேனா நின்றுவிட்டது. நான் வேலை பார்த்த ஊர்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பத்திரிகைக் கட்டைத் திரும்ப ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மா, இத்தனை ஊர்ல இருந்திருக்க, ஒரு ஊர்லயும் நீ குடியிருக்கவே இல்லையேம்மா.”

போனில் கேட்ட குரல்

இந்த நேரம் பார்த்து மாறுதல் உத்தரவு வந்தது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிற வேலை. பாளையங்கோட்டையில் சொந்த வீட்டிலிருந்து போய்வரலாம், ஒரு வகைக்கு நல்லதுதான். ஆபீசில் ஒரு சால்வை போட்டார்கள். சாவி, முத்திரை எல்லாம் ஒப்படைத்துவிட்டுக் கடைசியாகப் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றிப் புதிதாக வந்தவரிடம் கொடுத்தேன். அந்த நம்பர் ஆளுக்குச் சொந்தம் இல்லை, நாற்காலிக்குச் சொந்தம். ஊர் மொத்தத்துக்கும் தெரிந்தது அந்த நம்பர்தான். என் சொந்த நம்பர் யாரிடமும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் அப்படி ஒரு அமைதி. குக்கர் விசிலுக்குக்கூடப் போன் என்று நினைத்து எழுந்து ஓடினேன். இந்தத் தொல்லை ஒழியாதா என்று புலம்பினவள்தான் நான். ஆனால் போன் அடிக்காத வீடு பேயறைந்த மாதிரி இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் என் பழைய நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தது புதிய ஈ.ஓ. நான் ஹலோ என்று சொல்லி முடிப்பதற்குள், நான் இத்தனை வருஷம் பேசின அதே களைத்த குரலில் கேட்டார்: “எந்தத் தெரு? தண்ணியா, லைட்டா?”

ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், அறிவிப்பார். ஜெனிபா பெயர் வாசிக்கப்பட்டதும் எனக்கு உத்தியோகப் புத்தி வந்துவிட்டது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆட்சேபணை வாங்கியே பழக்கப்பட்ட ஆள். என்னையறியாமல் தலையைத் திருப்பி, யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பின் பெஞ்சு வரைக்கும் பார்த்தேன். யாரும் அசையவில்லை. என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஒரு வயசான அம்மா என் கையைத் தட்டி, இரக்கமாகத்தான் சொன்னாள்: “பயப்படாதிய. ஆட்சேபிக்கணும்னாலும் நாலு சொந்தக்காரன் வேணும்லா.”

வாசல்

கல்யாணத்தன்று விடியும்போது ஜெனிபா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். “அம்மா, நம்ம தெருவுக்கு மினிஸ்டர் யாரும் வாராங்களா?” எட்டிப் பார்த்தேன். தெரு முனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. நூல் பிடித்த மாதிரி நேராக. தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. கோட்டின் முனையில், என் வாசலில், இசக்கி கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஊதா சுங்குடிச் சேலை, தலை நிறையப் பூ. அவள் கூட்டம் மொத்தமும் வெளுத்த துணியில் சுவரோரம் நின்றது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “இது எந்த ஸ்டாக்குல எடுத்த பவுடர்?” இசக்கி சிரித்துவிட்டாள். “ஆபீஸ் சாமானைத் தொட்டா வந்த பஸ்லயே திருப்பி அனுப்பிருவியன்னு எங்களுக்குத் தெரியாதா? அண்ணாச்சி கடைச் சுண்ணாம்புப் பவுடரும்மா.” பின்னாலேயே பலசரக்குக் கடை அண்ணாச்சி, மடிப்புக் கலையாத வேட்டியில், வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வாறுகால் இன்னும் அப்படியேதான் கிடக்கிறதாம், அதை நான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமாம்.

நான்தான் யாருக்கும் சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இசக்கி இடுப்பிலிருந்து, தப்பாக அச்சான அந்தப் பத்திரிகையை எடுத்தாள். கசங்கலை நீவி, நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். யார் வீட்டிலோ கொடுத்து வாசிக்கச் சொன்னாளாம். “நீல வாளியில வச்சா அது எங்களுக்கு வச்சதுதானம்மா” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுபோய், நடுவில் வரிசையாக நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நின்று, “வாங்க, வாங்க” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் மெதுவாக என்னிடம், “இவங்கள்லாம் யாரு?” என்றார். “பொண்ணு வீட்டு ஆளுக” என்றேன். நாங்க பொறவு சாப்பிடுதோம் என்று நழுவின இசக்கியை இழுத்துவந்து, அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்து நானே இட்லி வைத்தேன். ஜெனிபா உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. ஜெனிபா புறப்பட்டுவிட்டாள், பஸ் போய்விட்டது, அண்ணாச்சியும் போய்விட்டார். காற்றில் கோடு பாதி கலைந்திருந்தது. வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி இந்த வீட்டில் நான் ஒருத்திதான். இசக்கி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், என் வாசலில் கவிழ்ந்து கிடந்த இரண்டு வாளியையும் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஒத்தையிலதான இருக்கோம்னு அடுப்பு பத்தவைக்காம இருந்திராதிய. இங்கன வாளி எடுக்க வாறவ எங்க சித்தி மவ, எனக்குச் சொல்லிருவா.”

ஆகவே, நாற்காலியில் தேய்ந்த சக ஊழியர்களே, கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவதென்று குழம்பினால், குப்பையை மட்டும் ஒழுங்காகத் தரம் பிரித்துப் போடுங்கள், போய்ச் சேர வேண்டியவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.